வாசலிலிருந்து கூப்பிட்டேன்

சைகோன்
12 ஜூன் 1966

என் அருமைத் தம்பி கஸ்தோனுக்கு,

உன் அக்கா ஜெனேவியேவ் ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அத்தானும் சுகம். காரைக்காலில் நீயும் மாதலேனும் சின்னவள் ஜோசெட்டும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

உன் மூத்தவள் ஏவ்லின் வந்து சேர்ந்துவிட்டாள். கப்பலில் வாந்தியெடுத்துத் துரும்பாக இளைத்திருந்தாள், இப்போது தேறிவிட்டாள். தாயில்லாப் பிள்ளை என்று நீ கலங்காதே. என் வயிற்றில்தான் ஒன்றும் தங்கவில்லை, இனி இவள்தான் என் மகள். நீ புதிதாகக் கட்டிய மாதலேனுக்கும் நிம்மதி. வளர்ந்த பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டு புதுக் குடித்தனம் செய்வது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியாதா?

உன் அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து வந்து சும்மா உட்காரவில்லை. அமெரிக்கர்கள் எண்ணெய் தீர்ந்ததும் எறியும் இரும்புப் பீப்பாய்களை வாங்கி, வெட்டி, சம்மட்டியால் தட்டி, கூரைத் தகடாக்கி விற்கிறார். கிராமங்களிலிருந்து சண்டைக்குப் பயந்து ஓடிவருகிற ஜனங்கள் கிடைத்த இடத்தில் குடிசை போடுகிறார்கள். தகட்டுக்கு அப்படி ஒரு கிராக்கி. ஆங்கில ஒய் எழுத்து மாதிரி மூன்றாகப் பிரிகிற ஒய் பாலத்துக்குத் தெற்கே கால்வாய் ஓரத்தில் இருக்கிறோம். முன்னால் வீடு, பின்னால் பட்டறை. ஆண்டவர் எங்களைக் கைவிடவில்லை.

ஏவ்லினைத் தட்டச்சுப் பள்ளிக்கு அனுப்புவதாகச் சொன்னேன், அனுப்பத்தான் போகிறேன். அதுவரை வீட்டில் சும்மா இருந்தால் மனம் கெட்டுப்போகும் என்று பட்டறையில் உட்கார வைத்திருக்கிறேன். கஷ்டமான வேலை இல்லை. தகட்டின் ஓரத்தை இடுக்கியால் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆட்கள் அடிப்பார்கள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு குறை. வந்த சில நாளிலேயே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்தாள். தகடு சுமக்கிற தாம் என்கிற வியட்நாம்காரி மெழுகு தடவிக் கொடுத்தாளாம். எடுத்து எறிந்துவிட்டேன். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் காதில் பஞ்சோடு இருந்தால், பார்க்கிறவர்கள் சீழ் வடிகிறது என்று நினைக்க மாட்டார்களா? அதோடு, நான் கூப்பிட்டால் அவளுக்குக் கேட்க வேண்டாமா?

மாதலேனுக்கு என் அன்பு. ஜோசெட்டுக்கு ஒரு முத்தம்.

உன் பிரியமுள்ள அக்கா
ஜெனேவியேவ்


காரைக்கால்
9 ஜூலை 1966

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி கஸ்தோன் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் கடிதம் கிடைத்ததும் மனப்பாரம் இறங்கிற்று. அம்மா போன பிறகு என்னை வளர்த்த கை தங்கள் கை. என் மகளும் அதே கையில் வளர்வதற்குக் கொடுத்து வைத்திருக்கிறாள்.

அவள் பஞ்சு வைத்துக்கொண்டு தங்களுக்கு வருத்தம் கொடுத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் தயங்காமல் அடித்துத் திருத்துங்கள். அத்தைக்கு இல்லாத உரிமை யாருக்கு? தட்டச்சு வகுப்பு எப்போது தொடங்கும் என்று மட்டும் எழுதினால் போதும். இங்கே கோர்ட்டில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள், பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவளுக்குப் பாட்டு உயிர். கோயிலில் பாட வைப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புத் தம்பி
கஸ்தோன்


சைகோன்
20 நவம்பர் 1966

அருமைத் தம்பி,

பதில் எழுதத் தாமதித்ததற்குக் கோபிக்காதே. மழைக்காலத்தில் தகடு வியாபாரம் மூச்சு விட நேரம் கொடுப்பதில்லை.

உன் பெண்ணைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. நீ எப்படி வளர்த்தாயோ தெரியாது, அப்படி ஒரு திமிர். கூப்பிட்டால் பதில் இல்லை. பின்னால் நின்று ஏவ்லின், ஏவ்லின் என்று கத்தினாலும் கல்லுப் பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் போய் நின்றால்தான் திடுக்கிட்டு எழுந்து, "என்ன அத்தை?" என்கிறாள். அதையும் ஊர் கேட்கக் கத்திச் சொல்கிறாள். மெதுவாகப் பேசு என்றால் இன்னும் கத்துகிறாள். நான் பேசும்போது கண்ணைப் பார்க்காமல் என் வாயையே உற்றுப் பார்க்கிறாள். எனக்குப் பல் போனதைக் கேலி செய்கிறாள் என்று உன் அத்தான் சொல்கிறார்.

நீ சொன்னபடியே திருத்திப் பார்த்தேன். கன்னத்தில், முதுகில், ஒருநாள் இடுக்கியாலேயே கையில். அழுகிறாளே தவிர மாறவில்லை.

உன் ஆசைக்காகக் கோயில் பாட்டுக் கூட்டத்தில் சேர்த்தேன். இரண்டு ஞாயிறு நன்றாகத்தான் பாடினாள். பிறகு எல்லாரும் நிறுத்தின இடத்தில் இவள் மட்டும் பாடிக்கொண்டே போனாள். ஆர்மோனியம் ஒரு பக்கம், இவள் குரல் ஒரு பக்கம். ஜனங்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சாமியார் கூப்பிட்டு, "இந்தப் பெண் இனி ஜனங்களோடு கீழேயே உட்காரட்டும்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு போடவில்லை.

இந்த நிலையில் தட்டச்சு வகுப்பு எதற்கு? வாத்தியார் சொல்வதையா கேட்கப்போகிறாள்?

நீ ஒரு கடுமையான கடிதம் போடு. அப்பா சொன்னால் பயப்படுவாள்.

உன் அக்கா
ஜெனேவியேவ்


காரைக்கால்
14 டிசம்பர் 1966

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதத்தை முதல்முறை படித்தபோது எனக்கும் கோபம் வந்தது. மறுமுறை படித்தபோது வேறு சந்தேகம் வந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், தெரிந்த டாக்டரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் பாதியிலேயே கையை உயர்த்தி, "மிசே கஸ்தோன், பெண்ணுக்குத் திமிர் இல்லை. காது போய்க்கொண்டிருக்கிறது" என்றார்.

அக்கா, அவள் தங்கள் பல்லைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறாள். தன் குரல் தனக்கே கேட்காததால் கத்துகிறாள். இரும்பு அடிக்கும் சத்தம் உள்காதின் நரம்பைச் சாகடித்துவிடும் என்று டாக்டர் சொல்கிறார். வலி இருக்காதாம், இரவில் காதுக்குள் வண்டு இரைவது போல் இருக்குமாம். செத்த நரம்பு மறுபடி பிழைக்காது, ஆனால் சத்தத்தை விட்டு உடனே விலக்கினால் மீதியைக் காப்பாற்றலாமாம்.

தங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். அவளைப் பட்டறைக்குள் விடாதீர்கள். அடுப்படி வேலை, துணி துவைக்கிற வேலை, எது வேண்டுமானாலும் கொடுங்கள். நல்ல காது டாக்டர் ஒருவரிடம் காட்டுங்கள். அங்கே துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜி முகம்மதுவின் மருமகன் பக்கீர் மைதீன் அடுத்த மாதம் சைகோன் வருகிறார். அவரிடம் தேன்மெழுகும் பஞ்சும் சேர்த்துச் செய்த காதடைப்பான் ஒரு டப்பி கொடுத்தனுப்புகிறேன். பட்டறைப் பக்கம் போனால் அது இல்லாமல் போகக் கூடாது.

இனி அவளை அடிக்காதீர்கள், அக்கா.

தம்பி
கஸ்தோன்


சைகோன்
5 மார்ச் 1967

என் தம்பி கஸ்தோனுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் அழுதேன். உன்னை இடுப்பில் சுமந்தவளுக்கு இப்படி எழுத உனக்கு மனம் வந்ததே. போகட்டும், பெண்ணைப் பெற்ற பாசம் என்று மன்னித்துவிட்டேன்.

பக்கீர் மைதீன் டப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார், மெர்சி. பாவம் உன் அத்தான், ஹெலிகாப்டர்கள் வீட்டுக்கு மேலேயே பறப்பதால் மாதக்கணக்காகத் தூக்கமில்லாமல் தவித்தார். அவருக்குத்தான் அது கச்சிதமாகப் பொருந்தியது. இப்போது குழந்தை மாதிரித் தூங்குகிறார். நீ செய்த புண்ணியம்.

ஏவ்லினைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். பாரீசில் படித்த வியட்நாம்காரர், பிரெஞ்சு எவ்வளவு அழகாகப் பேசுகிறார்! முள்கரண்டி மாதிரி ஒன்றைத் தட்டிக் காதோரம் வைத்தார், தலையில் வைத்தார், முதுகுப் பக்கம் நின்று பேசினார். வலது காது முழுதும் போய்விட்டதாம், இடதில் கொஞ்சம் மீதி. "மதாம், இவள் இன்னும் ஆறு மாதம் அங்கே உட்கார்ந்தால் அதுவும் போய்விடும்" என்று என்னையே குற்றவாளி மாதிரிப் பார்த்தார். எனக்கு அந்த மனுஷரைப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நானும் அத்தானும் யோசித்தோம். பட்டறையில் ஆள் கிடைப்பதில்லை. வருகிறவன் எல்லாம் காது வலி, தலைவலி என்று போய்விடுகிறான், இல்லையென்றால் பட்டாளத்தில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இவளோ பழகிவிட்டாள், பக்கத்தில் இரும்பை எவ்வளவு அடித்தாலும் முகம் சுளிப்பதில்லை. முக்கால்வாசி போன காதுக்கு இனிக் காவல் எதற்கு? இதைக் கொடூரம் என்று நினைக்காதே, உள்ளதைச் சொல்கிறேன்.

அவள் இங்கே இருப்பது உனக்கு வேண்டாமென்றால் நாளைக்கே அனுப்பி வைக்கிறேன். ஆனால் மாதலேனைக் கேட்டுவிட்டு எழுது. செவிட்டுப் பெண்ணை வீட்டில் சேர்ப்பாளா?

பிரியமுள்ள அக்கா
ஜெனேவியேவ்


காரைக்கால்
2 மே 1967

அன்புள்ள அக்காவுக்கு,

மாதலேனைக் கேட்டேன். அவள் தங்கைக்குப் புதுச்சேரியில் ஒரு நல்ல குடும்பத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து போகிற நேரத்தில் இப்படி ஒரு பெண் வீட்டில் இருந்தால் வம்சத்திலேயே காது கேளாமை என்று பேசுவார்கள் என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கல்யாணம் தையில் முடிந்துவிடும். அதுவரை தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குள் அவளைப் பட்டறையில் மட்டும் உட்கார வைக்காதீர்கள். இடது காதிலுள்ள மீதியாவது தங்கட்டும். இன்னொரு டப்பி அனுப்புகிறேன். இது அவளுக்கு.

அவள் கைப்பட ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அங்கே போய் இத்தனை காலத்தில் ஒன்றும் எழுதவில்லை.

தம்பி
கஸ்தோன்


சைகோன்
17 செப்டம்பர் 1967

அருமைத் தம்பி,

நல்ல செய்தியோடு எழுதுகிறேன். ஏவ்லின் இப்போது பட்டறையில் முதல் ஆள். நீ பார்த்தால் பெருமைப்படுவாய். மற்றவர்கள் இடைவேளை, பஞ்சு, தண்ணீர் என்று ஓடும்போது இவள் அசையமாட்டாள். சம்மட்டியும் பிடிக்கிறாள். மீதி காதும் போய்விட்டது, அதைப் பற்றி நீயும் நானும் இனிச் சண்டை போட ஒன்றும் இல்லை.

கூப்பிடுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பீப்பாயின் சின்ன மூடிகள் குவியலாகக் கிடக்கின்றன. ஒன்றை எடுத்து முதுகில் எறிந்தால் உடனே திரும்பிவிடுகிறாள். அத்தானுக்குக் குறி தப்புவதே இல்லை, பட்டாளத்துக் கை அல்லவா? அந்தத் தாம் மட்டும் ஒருநாள் மூடியைப் பொறுக்கி என் காலடியில் கொண்டுவந்து வைத்து என்னென்னவோ பேசினாள். அவளை நிறுத்திவிடலாம் என்றால் தகடு சுமக்க வேறு ஆள் வேண்டுமே.

ஒரு வரி எழுதச் சொன்னேன். காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தாள். இதற்கும் நானா பொறுப்பு?

அக்கா
ஜெனேவியேவ்


காரைக்கால்
19 பிப்ரவரி 1968

அக்காவுக்கு,

டெட் புத்தாண்டுப் பண்டிகையில் சைகோனுக்குள்ளேயே சண்டை புகுந்துவிட்டது என்று ரேடியோவில் கேட்டேன். உயிரோடு இருக்கிறீர்கள் என்று ஒரு தந்தி அடியுங்கள்.

மாதலேன் தங்கையின் கல்யாணம் முடிந்துவிட்டது. ஏவ்லினை அனுப்பிவிடுங்கள். மாதலேன் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் அனுப்பிவிடுங்கள். ஊர் முழுக்கத் துப்பாக்கி. நில் என்று சிப்பாய் கத்தினால் அவளுக்குக் கேட்காது. ஓடு என்று ஜனங்கள் கத்தினால் அதுவும் கேட்காது. அவளை வெளியே தனியாக அனுப்பாதீர்கள், எப்போதும் கண்ணெதிரில் வைத்திருங்கள். இது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

கஸ்தோன்


சைகோன்
20 மே 1968

என் அன்புத் தம்பி கஸ்தோனுக்கு,

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. பக்கத்தில் யாராவது இருக்கும்போது படி.

நீ கேட்டபடி அவளை அனுப்ப வழி பார்ப்பதற்குள் இந்த மாதம் மறுபடி சண்டை வந்தது, இந்த முறை எங்கள் பக்கமே. அன்று காலை ஒலிபெருக்கி வைத்த ஜீப் தெருத்தெருவாக வந்து, எல்லாரும் உடனே பாலத்தைத் தாண்டிப் போய்விடுங்கள், விமானம் குண்டு போடப் போகிறது என்று சொல்லிக்கொண்டு போயிற்று. எங்களுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. நான் துணிமணியையும் மாதா சுரூபத்தையும் கட்டினேன். அத்தான் பத்திரங்களை எடுத்தார். பின்கட்டில் தகட்டை நிமிர்த்துகிற புது அழுத்து இயந்திரத்தின் மேல் தகடுகளைப் போட்டு மூடிவிட்டு வா என்று ஏவ்லினுக்குக் கையால் காட்டி அனுப்பினேன். அவ்வளவு ஆசையாக வாங்கின இயந்திரம்.

அதற்குள் மூன்று சக்கர லாம்ப்ரெட்டா வண்டி வந்துவிட்டது. வண்டிக்காரன் ஒரு நிமிஷம் நிற்க மாட்டேன் என்றான். தெருவில் ஜனங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடுகிறார்கள். நான் வாசலில் நின்று ஏவ்லின், ஏவ்லின் என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன், தம்பி. ஆண்டவர் அறிய, கூப்பிட்டேன். அவள் வரவில்லை. அத்தான் என் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்.

பாலம் தாண்டிய கொஞ்ச நேரத்தில் விமானங்கள் வந்தன. எங்கள் பக்கம் முழுவதும் புகையாக எழுந்தது. மறுநாள் அத்தான் பாலம் வரை போனார், சிப்பாய்கள் விடவில்லை. நான்கு நாள் கழித்துப் பார்த்தவர்கள் பட்டறை இருந்த இடத்தில் வளைந்த தகடுகள்தான் கிடக்கின்றன என்றார்கள். உடலைத் தேடிப் பயனில்லை.

எங்களுக்கும் எல்லாம் போய்விட்டது. ஹாஜி முகம்மதுவின் கடை மாடியில் ஒதுங்கியிருக்கிறோம். பிரெஞ்சு கோன்சுல் ஆபீசில் பிரான்சுக்குப் போக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அவளுக்காகப் பூசை வைத்தேன். ஒன்று நினைத்து ஆறுதல் கொள், தம்பி. குண்டு வந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்காது. பயமில்லாமல் போயிருப்பாள்.

துக்கத்தோடு
உன் அக்கா ஜெனேவியேவ்


மார்செய்
8 செப்டம்பர் 1968

தம்பி கஸ்தோனுக்கு,

நான் எழுதிய துக்கக் கடிதத்துக்கு நீ ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை. துக்கம் உனக்கு மட்டுமா? எனக்கும் மகள்தான்.

இங்கே வந்து இரண்டு மாதமாகிறது. குளிர் இன்னும் தொடங்கவில்லை. அத்தானுக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை. எனக்கும் கை நடுங்குகிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் துணி வெளுக்கும் இயந்திரக் கடை ஒன்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு புதுச்சேரிக்காரர் கேட்கிறார். தனியாக முடியாது.

ஜோசெட்டுக்குப் பதினைந்து முடிந்திருக்கும். அவளை அனுப்பி வை. இது சைகோன் இல்லை, குண்டும் இல்லை, பட்டறையும் இல்லை. பிரெஞ்சு படிப்பாள், நல்ல இடத்தில் கட்டிக் கொடுப்பேன். மாதலேனும் மறுக்க மாட்டாள். போனவளின் இடத்தில் இவளை வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

காகிதங்களுக்கு வேண்டியதை அத்தான் ஏற்பாடு செய்வார். உடனே பதில் போடு.

பிரியமுள்ள அக்கா
ஜெனேவியேவ்


காரைக்கால்
3 அக்டோபர் 1968

ஜெனேவியேவ் அக்காவுக்கு,

ஏவ்லின் சாகவில்லை.

ஜூலையில் சைகோனிலுள்ள கன்னியர் மடத்துத் தாயார் ஒருவரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து அவருக்கு எழுதி, கேட்டு, நடந்ததைத் தெரிந்துகொண்டேன்.

தகடு சுமந்த தாம் அன்று உங்களுக்கு முன்பே பாலத்தைத் தாண்டிவிட்டாள். உங்கள் வண்டி வந்தபோது ஓடிவந்து உள்ளே எட்டிப் பார்த்து, பெண் எங்கே என்று கேட்டிருக்கிறாள். நீங்கள், "பின்னால் வருகிறாள்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அவள் உங்களை நம்பவில்லை. தன் இரண்டு குழந்தைகளையும் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் விட்டுவிட்டு, வருகிற கூட்டத்துக்கு எதிராகப் பாலத்தில் ஓடியிருக்கிறாள்.

ஏவ்லின் அப்போதும் இயந்திரத்தின் மேல் தகடு அடுக்கிக்கொண்டிருந்தாளாம். தெரு காலியானது தெரியாமல், ஒரு தகடும் வழுக்காமல் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாளாம். தாம் உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். கால்வாய்க் கரைக்கு இருவரும் வந்து சேர்வதற்குள் முதல் குண்டு விழுந்தது. ஏவ்லினுக்குத் தோளிலும் கழுத்திலும் தீக்காயம், ஆறிக்கொண்டிருக்கிறது. தாமுக்கு வலது கையை முழங்கைக்கு மேல் எடுத்துவிட்டார்கள். இனி அவள் தகடு சுமக்க முடியாது. தாமும் குழந்தைகளும் ஏவ்லினும் இப்போது அந்த மடத்தில்தான் இருக்கிறார்கள்.

உள்ளே போய் அவள் கையைப் பிடித்து அழைத்து வர ஒருத்தியால் முடிந்திருக்கிறது, அக்கா. அந்த ஒருத்தி உங்கள் ரத்தம் இல்லை. நீங்கள் செவிட்டுப் பெண்ணை வாசலிலிருந்து கூப்பிட்டீர்கள். ஆண்டவர் அறியக் கூப்பிட்டேன் என்று எனக்கு எழுதவும் செய்தீர்கள்.

மேற்கொண்டு திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. கல்யாணம் முடியட்டும் என்று எழுதியவன் நான்.

தாயார் ஏவ்லினுக்கு என் கடிதத்தைக் காட்டி, ஊருக்குப் போகிறாயா என்று எழுதிக் கேட்டிருக்கிறார். அவள் அதன் கீழேயே எழுதியிருக்கிறாள். அதை வெட்டி எனக்கு அனுப்பினார்கள். மகள் எனக்கு எழுதிய முதல் வரி. "அப்பா வந்தால் வரட்டும். நான் அவரோடு போக மாட்டேன்."

ஜோசெட் உங்களிடம் வர மாட்டாள். உங்கள் கடிதத்தை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். அவள் அடுப்பில் போட்டுவிட்டாள். மாதலேன் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

கோர்ட்டில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். மதராசிலிருந்து சிங்கப்பூர் வரை கப்பல், அங்கிருந்து விமானம். சண்டை நடக்கும் ஊருக்கு எதற்கு என்று எல்லாரும் கேட்கிறார்கள். மடத்தின் பெயரை உங்களுக்கு எழுத மாட்டேன், நீங்களும் தேட வேண்டாம். இனி இந்த விலாசத்துக்கு எழுதவும் வேண்டாம்.

அவள் தையல் அறையில், ஜன்னலைப் பார்த்தபடி, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வேலை செய்வாளாம். தட்டினால் கேட்காது. பின்னால் போய்த் தொட்டால் பதறிவிடுகிறாள், தொடாதீர்கள் என்று தாயார் எழுதியிருக்கிறார். அவளாகத் திரும்பிப் பார்க்கும் வரை நான் வாசலில் நின்றுகொண்டிருப்பேன்.

கஸ்தோன்